இரு நெறியும் ஒரு நெஞ்சும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே கிறிஸ்தவரைச் சுட்டுதற்கு ஒரு பழஞ்சொல் உண்டு. அது 'வேதக்காரர்' என்பது. அவர்கள் எம்மைச் 'சைவக்காரர்' என்பர். இரு திறத்தாரும் ஒரு வேலிக்கு இருமருங்கும் குடியிருந்து, ஒரே கிணற்றில் நீர் முகந்து, ஒரே தமிழைப் பேசி, ஏறக்குறைய நானூறு ஆண்டுகளைக் கழித்துவிட்டனர். வேலி உண்டு, வேலியிலே பொட்டும் உண்டு. நன்மை தின்மைகளுக்குப் பொட்டினூடே போய் வருவோம். ஆயின், பொட்டினூடே போய் வருதல் வேறு. வேலியைப் பிடுங்கி இரு வளவையும் ஒன்றாக்குதல் வேறு. சைவத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒருவன் தன் சாதனையிலே ஒருங்கு கைக்கொள்ளல் கூடுமோ என்னும் வினா, இவ்விரண்டனுள் எதனைக் கேட்கின்றது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் தமிழ் கற்ற மாணாக்கர் ஒருவர் விடியற்காலையில் எம் வீட்டுப் படலையிலே வந்து நின்றார். முதல்நாள் இரவு அவருடைய தாயார் காலமாகிவிட்டார். மணஞ்செய்த காலத்தில் மனைவியின் சமயத்தைத் தழுவி ஞானஸ்நானம் பெற்றவர் அவர். தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கடன் செய்தல் எம் ஊர் வழக்கு. அவரோ இளையவர்.

"ஐயா, அம்மாவுக்கு நான் கொள்ளி வைக்கலாமோ?" என்றார்.

"தம்பி, இரண்டு தோணியிலே கால் வைத்தவன் கரை சேரான்" என்றோம்.

அவர் மறுமொழி கூறாது திரும்பினார். தமையனாரே கடன் செய்தார். முப்பத்தோராம் நாள் கீரிமலையிலே அந்தியேட்டி நிகழ்ந்தபொழுது அவர் சற்று விலகி நின்றார். எல்லாம் முடிந்து உறவினர் கரையேறிய பின், தனியே நீரில் இறங்கி மூழ்கி எழுந்தார். பின்பு எம்மை அணுகி, "ஐயா, அம்மா ஓதிய தேவாரப் புத்தகத்தை அண்ணனிடம் வாங்கி வைத்திருக்கிறேன். இரவிலே எங்கள் செபத்துக்கு முன் ஒரு பதிகம் படிக்கிறேன். பிழையோ?" என்றார். எமக்கு அன்று விடை வரவில்லை. இக்கட்டுரையே அவ்விடை என்று கொள்க.

சைவ சித்தாந்தம் சாதனையைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நால்வகைப்படுத்தும். இந்நான்கினையும் உரைகல்லாகக் கொண்டு நோக்கின், விடை ஒன்றன்று, பல என்பது புலனாகும்.

சரியையாவது உடம்பினாற் செய்யும் தொண்டும் வழிபாடும். இப்படியிலே இரு சமயத்தாரும் நெடுங்காலமாகக் கலந்தே வருகின்றனர். மன்னார்ப் பகுதியிலுள்ள மடு மாதா கோயிலுக்கு ஆவணியிலே செல்லுங் கூட்டத்தில் நீறணிந்த நெற்றிகளையும் காணலாம். நோய்க்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அங்கே நேர்த்தி வைத்த சைவத் தாய்மார் எத்துணையோ பேர். கத்தோலிக்கரும் தம் ஆலயத்தைக் 'கோயில்' என்றும், வழிபாட்டைப் 'பூசை' என்றுமே வழங்குவர். எத்தெய்வத்தை எவர் வழிபடினும், அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் அளிப்பவன் முழுமுதற் கடவுளே என்பது சிவஞான சித்தியார் கொள்கை. ஆதலின் மடுவுக்குச் சென்ற மூதாட்டியைச் சைவத்தினின்றும் வழுவினாள் என்று சித்தாந்தி கூறான்.

வழிபாட்டின் உருவினையும் முறையினையும் ஒருவரிடமிருந்து மற்றவர் கொள்ளுதலும் இப்படியின்பாற்பட்டதே. 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த தத்துவ போதகராகிய ரொபேர்த் தெ நொபிலி, புலால் உணவை நீக்கித் துறவியர் கோலம் பூண்டார். அவர் கொண்ட முறையைக் குறித்து எழுந்த பூசல், 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் இசைவளித்த பின்னரே தணிந்தது. எம் சுன்னாகத்தை அடுத்த மருதனார்மடத்தில், சேவக் செல்வரத்தினம் அவர்கள் 1939இல் தொடங்கிய கிறிஸ்து சேவா ஆச்சிரமமும் இந்நாட்டு ஆச்சிரம முறையைத் தழுவியதே. மறுபுறத்தே நாவலர் பெருமானை நோக்குக. 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தொடங்கிய பிரசங்கம், பாதிரிமாரின் பிரசங்க முறையைக் கண்டறிந்தவர் சைவத்துக்கு ஆக்கிக்கொண்ட கருவியாகும். கலம் மாறலாம், கலத்திலுள்ளது மாறவில்லை.

இரண்டாவது படியாகிய கிரியையிலேதான் தடை எழுகின்றது. கிரியைக்குத் தீட்சை வேண்டும். கிறிஸ்தவ வாழ்வுக்கு ஞானஸ்நானம் வேண்டும். இரண்டும் அழகுக்காகச் செய்யப்படும் சடங்குகள் அல்ல. 'இனி நான் இன்னார்க்கு உரியேன்' என்று ஒருவன் தன்னை ஒப்புவிக்கும் முறைகள். ஒப்புவித்த ஒன்றை மீட்டும் வேறிடத்தில் ஒப்புவித்தல் யாங்ஙனம்? ஒரு நிலத்துக்கு இரண்டு உறுதி முடித்தால் நொத்தாரிசு ஒப்புவரோ?

கொள்கையளவிலும் வேற்றுமை சிறிதன்று. சிவன் கருவிலே தங்கிப் பிறப்பான் என்பதைச் சித்தாந்தம் உடன்படாது. கடவுள் ஒருகால் மனிதராய்ப் பிறந்து, சிலுவையில் மரித்து, உயிர்த்தெழுந்தார் என்பதே கிறிஸ்தவத்தின் உயிர்நிலை. உயிர் வினைக்கீடாகப் பல பிறவி எடுக்கும் என்பது நாம் கொண்டது. பிறவி ஒன்றே, அதன்பின் தீர்ப்பு என்பது அவர் கொண்டது. இவற்றை எல்லாம் மூடி, 'எல்லாம் ஒன்றே' என்று கூறுவோர் இரு சமயத்தையும் கற்றவர் அல்லர்; இரண்டுக்கும் நன்மை செய்தவரும் அல்லர்.

கற்றவர் எவ்வாறு நின்றார் என்பதற்கும் நாவலரே சான்று. மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, பேர்சிவற் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்குவதில் உதவியவர் அவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. அதற்கு முன்பே, 1848இல், அவர் அப்பாடசாலையை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்திலே, சைவக் கிரியைகளை இகழ்ந்தோர்க்கு அவர்தம் பழைய ஏற்பாட்டினின்றே, எருசலேம் தேவாலயத்து வழிபாட்டைக் காட்டி விடை பகர்ந்தார். பிறர் வேதத்தை அவரளவு நுணுகிக் கற்ற சைவர் மிகச் சிலரே. எனினும் அவர் இரண்டையும் கலந்தாரல்லர். கற்றல் வேறு, கலத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு எம் நாட்டில் இல்லை.

இனி, யோகமும் ஞானமும். இங்கே வினா மீண்டும் திறக்கின்றது. பிரான்சு தேசத்தினின்றும் வந்த இரு கத்தோலிக்கத் துறவியர், ஜூல் மொன்சனினும் ஹென்றி லெ சோவும், 1950இல் காவிரிக் கரையில் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியிலே சச்சிதானந்த ஆச்சிரமத்தை அமைத்தனர். அதனைச் சாந்திவனம் என்பர். அதற்கு முந்திய ஆண்டிலே லெ சோ திருவண்ணாமலை சென்று ரமண முனிவரைத் தரிசித்திருந்தார். பின்னர் அபிஷிக்தானந்தர் என்னும் பெயர் பூண்டு, அம்மலைக் குகைகளிலே மோனத்தில் அமர்ந்தார். திருக்கோவலூர் ஞானானந்தகிரி சுவாமிகளையும் அடுத்தார்.

அதனால் விளைந்தது உடனடி அமைதியன்று. குகையிலே கண்ட அத்துவித அனுபவமும், தாம் குருவாக நின்று நாள்தோறும் ஆற்றிய பலிப்பூசையும் நெஞ்சினுள்ளே மோத, அவர் நெடுங்காலம் துன்புற்றார் என்பதை, அவர் மறைந்தபின் வெளிவந்த நாட்குறிப்புக் காட்டுகின்றது. 1973இல் இறக்குமளவும் அவர் கிறிஸ்துவையும் விடவில்லை, அருணாசலத்தையும் விடவில்லை. உடனுறைந்த மொன்சனினோ அத்துவிதமும் திரித்துவமும் எளிதில் இணங்கா என்று தயங்கினார். ஒரே ஆச்சிரமத்தில் ஒரே நோக்குடன் வாழ்ந்த இருவர்க்கே விடை ஒன்றாகவில்லை.

இதனால் யாம் உணர்வது யாது? இரு நெறியையும் ஒரு நெஞ்சிலே தாங்கல் இயலாத காரியமன்று. ஆயின் அது விலையின்றிக் கிடைப்பதுமன்று. பூசையறையிலே இரண்டு படங்களை மாட்டியவர் அவ்விலையைக் கொடுத்தவராகார். தாங்கியவர் தழும்போடு தாங்கினார். அத்தழும்பைக் கண்டு நகைத்தல் தகாது.

இரு சமயமும் உண்மையாகவே நெருங்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே அருள். தன் முயற்சியால் உயிர் கரையேறாது, இறைவன் கருணையே அதனைக் கரையேற்றும் என்பதை இரு திறத்தாரும் உடன்படுவர். யாழ்ப்பாணத் தென்னிந்திய திருச்சபைப் பேராயராயிருந்த சபாபதி குலேந்திரன் அவர்கள், இவ்விரு சமயங்களின் அருட்கொள்கையையும் ஒப்புநோக்கி 1964இல் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே உரோமையிற் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும், இந்து சமயத்தைப் பெயர் சுட்டி, பிற சமயங்களிலுள்ள மெய்யையும் தூய்மையையும் தாம் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. நாவலர் காலத்துக் கண்டனப் போரினின்றும் நாம் நெடுந்தூரம் வந்துவிட்டோம்.

இனி எம் மாணாக்கருக்கு விடை கூறுவோம்.

தம்பி, அன்று நீர் கேட்டது கிரியை. அதற்கு இன்றும் எம் விடை மாறவில்லை. தீட்சைக்குரிய கிரியையைத் தீட்சை உடையார் செய்தலே முறை. ஞானஸ்நானத்துக்கு நீர் கொடுத்த சொல்லுக்கும் அதுவே மரியாதை. ஆயின் அவ்விடையை நாம் கூறியவாறு பிழை. தாயை இழந்து வந்து நின்றவனுக்குத் தோணியும் கரையும் பேசுதல் பண்டிதத்தனமாகலாம், சைவமாகாது. "தம்பி, கொள்ளியை அண்ணன் வைக்கட்டும், நீர் என் பக்கத்தில் வந்து நில்லும்" என்று சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லாதது எம் குற்றம்.

நீர் பின்னர்க் கேட்டது அன்பு. தாய் ஓதிய பதிகத்தை மகன் ஓதுவதற்கு எச்சமயத்தின் இசைவும் வேண்டுவதில்லை. உம் கோயிற் குருவானவர் யாது கூறுவாரோ, அதனை அவரிடமே கேளும். கேட்டு, உம் மனச்சான்றோடும் கலந்துகொள்ளும். எம்மைக் கேட்டால், ஓதும் என்போம். ஒன்றே வேண்டுவோம். பொருள் உணர்ந்து ஓதும். விளங்காத இடம் வந்தால் எம் வீட்டுப் படலை திறந்தே இருக்கும்.