மீன் உணவைத் தகடாக உறைய வையுங்கள்

வண்ணமீன்களுக்கான உறைந்த உணவை வீட்டிலேயே செய்யலாம். பொடியாக நறுக்கிய இறால், வேகவைத்து மசித்த பட்டாணி, சிறிது கீரை ஆகியவற்றை வெந்நீரில் கரைத்த ஜெலட்டினுடன் கலந்து, குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்தால் போதும். உப்பும் எண்ணெயும் கூடாது.

முதல் தடவை நான் இக்கலவையை ஒரு டப்பா நிறைய ஊற்றி வைத்தேன். உருகியபோது சாறு வழிந்தது. தொட்டி நீர் கலங்கியது. மறுநாள் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இயற்பியல் கற்பிப்பவன் செய்யக்கூடாத பிழை!

0° செ. வெப்பநிலையிலுள்ள ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாக வேண்டுமானால் ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். தடித்த கட்டியின் நடுப்பகுதியிலிருந்து இவ்வெப்பம் மெல்லத்தான் வெளியேறும். மெதுவாக உறையும்போது பனிப்படிகங்கள் சிலவே தோன்றும். ஆனால் பெரிதாக வளரும். அவை இறாலின் செல்களைச் சிதைத்துவிடுகின்றன. உருகும்போது வெளிவரும் சாற்றை உண்டு பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் அவை செலவழித்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறியது இதனால்தான்.

கட்டிக்குள் வெப்பம் கடக்கும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும். 4 செ.மீ. கட்டியை அரை செ.மீ. தகடாக்கினால், கணக்குப்படி 64-இல் ஒரு பங்கு நேரம் போதும். பெட்டியிலுள்ள காற்று வெப்பத்தை மெதுவாகவே வாங்கும். ஆகவே நடைமுறையில் இவ்வளவு ஆதாயம் கிடைக்காது. ஆனாலும் வேறுபாடு மிகப் பெரிது.

எனவே கலவையைப் பாலிதீன் பையில் பரப்பி, அளவுகோலால் கோடுகள் அழுத்தி, படுக்கையாக வையுங்கள். தினம் ஒரு துண்டு ஒடித்துப் போடலாம். மின்தடையில் உருகி மறுபடி உறைந்த தகட்டை மட்டும் எறிந்துவிடுங்கள்.