வாணிகத்தில் இரு நாடும் பயன்பெறும் வகை

ஒரு நாடு மற்றொரு நாட்டைவிட எல்லாப் பொருள்களையும் குறைந்த உழைப்பில் செய்யவல்லது என வைத்துக்கொள்க. அந்நாடு பிறரிடம் எதையேனும் வாங்குவானேன்? திறனிற் குறைந்த நாடு எதை விற்றுப் பிழைக்கும்? இவ்வினாவில் இடறுவோர் பலர், வாணிகத்தில் ஒருவர் ஆதாயம் மற்றவர் நட்டமே என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பிழை என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் இலண்டனில் வாழ்ந்த பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ. 1817-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் இதனை விளக்கினார்.

கணக்கைக் காணுமுன் ஓர் எளிய உவமை. ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார். நோயறிவதில் வல்லவர், மருந்து இடிப்பதிலும் தம் உதவியாளரைவிட விரைவானவர். ஆயினும் அவர் உலக்கையைத் தொடுவதில்லை. ஏன்? இடிப்பதில் கழியும் ஒவ்வொரு நாழிகையிலும் சில நோயாளிகளைப் பார்க்க முடியாமற் போகும். உதவியாளர் இடித்தால் அத்தகைய இழப்பு இல்லை. ஆகவே, ‘யார் வல்லவர்?’ என்பதன்று வினா; ‘இதைச் செய்வதால் எதைக் கைவிட நேர்கிறது?’ என்பதே வினா.

ரிக்கார்டோ எடுத்துக்கொண்ட நாடுகள் இங்கிலாந்தும் போர்ச்சுகலும். பொருள்கள் துணியும் திராட்சை மதுவும். குறிப்பிட்ட அளவு துணியை ஓராண்டில் நெய்ய இங்கிலாந்தில் 100 ஆட்கள் வேண்டும். போர்ச்சுகலில் 90 பேர் போதும். குறிப்பிட்ட அளவு மதுவுக்கு இங்கிலாந்தில் 120 ஆட்கள். போர்ச்சுகலில் 80 பேர். இரண்டிலும் போர்ச்சுகலே மேம்பட்டது. இவை விளக்கத்திற்காக அவர் அமைத்துக்கொண்ட எண்கள்.

இரு நாடுகளும் தத்தமக்கு வேண்டிய இரண்டையும் தாமே செய்தால், இங்கிலாந்தில் 220 பேரும் போர்ச்சுகலில் 170 பேரும், ஆக 390 பேர் உழைக்க வேண்டும். இங்கிலாந்து துணியை மட்டும் இருமடங்கு நெய்தால் 200 பேர். போர்ச்சுகல் மதுவை மட்டும் இருமடங்கு செய்தால் 160 பேர். ஆக 360 பேர். பொருளின் அளவு குறையவில்லை. 30 பேரின் ஓராண்டு உழைப்பு மிஞ்சுகிறது. ஓர் அளவு துணிக்கு ஓர் அளவு மது என மாற்றிக்கொண்டால், இங்கிலாந்துக்கு 20 பேரின் உழைப்பும் போர்ச்சுகலுக்கு 10 பேரின் உழைப்பும் மிச்சம். இதுவே ‘ஒப்பீட்டு நன்மை’ எனப்படுவது.

இந்த மிச்சம் எப்போதும் இப்படியே பங்காகும் என்பதில்லை. மாற்று விலை போர்ச்சுகலுக்குச் சாதகமானால் அதன் பங்கு கூடும். இங்கிலாந்துக்குச் சாதகமானால் அதன் பங்கு கூடும். வாணிகம் ஆதாயத்தை உண்டாக்குகிறது. அதைச் சமமாகப் பங்கிடுவதாக வாக்களிக்கவில்லை. இவ்வேறுபாட்டை மறந்தவர்களே வாணிகத்தை வரம்பின்றிப் புகழ்கின்றனர், அல்லது வரம்பின்றிப் பழிக்கின்றனர்.

மலாயாவின் வரலாற்றில் இவ்விரு உண்மைகளும் விளங்கும். 1877-ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே, மேட்டு நிலங்களில் பால்மரங்கள் பெருகின. நெல்லும் இந்நாட்டில் விளைந்தது. ஆயினும் ரப்பரை விற்று, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வாங்குவது ஆதாயமாயிருந்தது. ரிக்கார்டோவின் துணியும் மதுவும் இங்கு ரப்பரும் அரிசியும் ஆயின.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முதலும் தொழிலாளரும் நாடுவிட்டு நாடு எளிதிற் செல்வதில்லை என்பது ரிக்கார்டோவின் அடிப்படை. மலாயாவிலோ மண்ணும் மழையும் மட்டுமே உள்நாட்டினுடையவை. பெருந்தோட்டங்களின் முதலில் பெரும்பங்கு பிரிட்டனிலிருந்து வந்தது. அங்குப் பால்மரம் சீவிய கைகளிற் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து வந்தவை. ஆகவே ‘நாட்டுக்கு ஆதாயம்’ என்று கணக்கு சொன்னால், அந்த ஆதாயம் யார் கைக்குச் சேர்ந்தது என்று மேலும் கேட்க வேண்டியதாயிற்று.

உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930 முதல் 1932 வரை பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். விலை உயர்ந்தபோது பெரும் பங்கு பெறாதவரே விலை தாழ்ந்தபோது முதலில் வேலையிழந்தனர். பின்னர் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மேலைநாட்டுச் சந்தை அடைபட்டது. அரிசி வரத்தும் அருகிற்று. ரப்பரை உண்ண முடியாது. மரவள்ளிக்கிழங்கே பல குடும்பங்களுக்கு உணவாயிற்று.

இவற்றால் ரிக்கார்டோவின் கணக்குப் பொய்யாகிவிடவில்லை. எல்லாவற்றையும் தானே செய்ய முயலும் நாடு வறுமையையே தேடிக்கொள்ளும். ஆனால் வாணிகத்தால் வரும் மிச்சத்தில் ஒரு பகுதியை உணவு இருப்புக்கும், வேறு தொழில் கற்பதற்கும், விலை வீழும் காலத்தில் உழைப்பாளரைக் காப்பதற்கும் ஒதுக்கும் நாடே அதன் முழுப் பயனையும் அடையும். வகுப்பில் இப்பாடத்தை விளக்கும் ஆசிரியர், 30 பேரின் உழைப்பு மிஞ்சுகிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியபின், அந்த மிச்சம் யாருக்கு என்ற வினாவையும் அதனடியில் எழுதிவிடுவது நன்று.