இங்கிலாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: உங்கள் சீவியை எப்படி மாற்றி எழுதுவது?

ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர்கள் இங்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "என்ர சேவிஸ் இங்க செல்லுமோ?" என்பதுதான். செல்லும். ஆனால் ஊரில் எழுதி வைத்த சீவி அப்படியே செல்லாது. அதிலுள்ள பாதிச் சொற்கள் இங்குள்ள அதிபருக்கு விளங்காது.

வேலை அனுமதி

தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் பொதுவாகச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. 12 மாதம் கடந்தும் முடிவு வரவில்லை, தாமதம் உங்களால் வந்ததுமல்ல என்றால் ஹோம் ஒபிஸிடம் அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தாலும் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும்தான். அகதி அந்தஸ்து கிடைத்த பிறகு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தொண்டு நிறுவனத்திலோ அரச நிறுவனத்திலோ தொண்டராக உதவி செய்ய இந்த அனுமதி தேவையில்லை. பஸ் காசு, மதியச் சாப்பாடு போன்ற உண்மையான செலவுகளைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. ஆகவே சீவியை இப்போதே எழுதி வைப்பது வீண் வேலை அல்ல.

எடுத்துவிட வேண்டியவை

• படம், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம்
• சமயம், திருமண நிலை, தகப்பன் பெயர்
• "மேற்கூறிய யாவும் உண்மை" என்ற உறுதிமொழியும் கையொப்பமும்
• ஹோம் ஒபிஸ் இலக்கம், உங்கள் கேஸ் பற்றிய விபரம்

2 பக்கம் போதும். கடைசியாகச் செய்த வேலையை முதலில் எழுதுங்கள்.

ஊர்ச் சொற்களை விளக்கி எழுதுங்கள்

• "தரம் 6 முதல் 11" என்று மட்டும் எழுதினால் போதாது. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகள் என்று எழுதுங்கள். வகுப்பில் 40 பேர் இருந்தால் அதையும் எழுதுங்கள்.
• க.பொ.த. சாதாரண தரம்: இங்கிலாந்தில் ஓ லெவல் போய் 1988 முதல் ஜி.சி.எஸ்.ஈ. நடக்கிறது. ஆகவே "16 வயதளவில் எழுதும் இலங்கைத் தேசியப் பரீட்சை" என்று ஒரு வரி சேருங்கள்.
• தேசிய கல்வியியற் கல்லூரி: 3 வருட ஆசிரியர் பயிற்சி, அதில் ஒரு வருடம் பாடசாலையில் நேரடிப் பயிற்சி என்று விளக்குங்கள்.
• தொண்டர் ஆசிரியர்: இதுதான் கூடுதலாகப் பிழைபடும் இடம். இங்கு தொண்டர் என்றால் கிழமையில் ஒரு நாள் வந்து உதவுகிறவர் என்று நினைப்பார்கள். நீங்கள் முழுநேரமாகப் படிப்பித்திருந்தால் எத்தனை வருடம், கிழமைக்கு எத்தனை பாடவேளை என்று எழுதுங்கள்.

பட்டம், டிப்ளோமா இங்கு எந்த மட்டத்துக்குச் சமம் என்று காட்ட யூ.கே. ஈனிக் என்ற அமைப்பின் ஒப்பீட்டுக் கடிதம் உதவும். 2021 வரை இதன் பெயர் நாரிக். இதற்குக் கட்டணம் உண்டு.

ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சீவி

வேலை விளம்பரத்தோடு, விண்ணப்பிப்பவரிடம் எதிர்பார்க்கும் தகுதிகளின் பட்டியல் ஒன்று வரும். அதில் "கட்டாயம்" என்று இருக்கிற ஒவ்வொன்றுக்கும் உங்கள் சீவியில் ஒரு பதில் இருக்க வேண்டும்.

வளர்ந்தோருக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ஈசோல் வகுப்பென்றால், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குப் படிப்பித்த அனுபவத்தை மேலே கொண்டு வாருங்கள். நீங்கள் ஊரில் செய்தது அதுவேதான். பாடசாலையில் உதவி ஆசிரியர் வேலையென்றால் தமிழ் தெரியும் என்பதை மறைக்காதீர்கள். புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கு அது பெரிய உதவி.

இடைவெளி வருடங்கள்

இடம்பெயர்வு, முகாம், தடுப்பு, ஒளிந்திருந்த காலம். இதை எப்படி எழுதுறது என்று பலர் தயங்குகிறார்கள். சிலர் வேறொரு பாடசாலையின் பெயரைப் போட்டு நிரப்பி விடுகிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம்.

காரணம் இரண்டு. முதலாவது, பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இங்குள்ள பாடசாலைகள் சீவியை மட்டும் ஏற்பதில்லை. விண்ணப்பப் படிவமும் நிரப்ப வேண்டும். வேலை வரலாற்றில் இடைவெளி இருந்தால் நேர்முகத்தில் கேட்பார்கள். இரண்டாவது இன்னும் முக்கியம்: சீவியில் உள்ள திகதிகளும் தஞ்சக் கோரிக்கையில் நீங்கள் சொன்ன திகதிகளும் முரண்பட்டால், உங்கள் பேச்சை நம்பலாமா என்ற கேள்வி வரும். அனுப்ப முன் உங்கள் வாக்குமூலத்தின் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சொலிசிட்டரிடம் கேளுங்கள்.

உண்மையைச் சுருக்கமாக எழுதலாம். "2008–2009: போரால் இடம்பெயர்ந்திருந்தேன், முகாமில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தேன்." இது குறை அல்ல, அனுபவம். தடுப்பில் நடந்ததைச் சீவியில் எழுத வேண்டியதில்லை. "தனிப்பட்ட காரணங்களால் வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி போடுங்கள். நேர்முகத்தில் கேட்டால் எவ்வளவு சொல்வது என்பதை முன்னரே யோசித்து வையுங்கள்.

நற்சாட்சி சொல்பவர்கள்

கிராம சேவகர், சமாதான நீதவான் கொடுத்த நற்சான்றிதழ் இங்கு போதாது. "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று பொதுவாக எழுதிய கடிதத்தையும் பாடசாலைகள் ஏற்கக் கூடாது என்பது விதி. உங்களுடன் வேலை செய்த ஒருவரைப் பாடசாலையே தொடர்பு கொள்ளும். ஊரிலுள்ள அதிபரைத் தொடர்பு கொள்வது அவருக்கோ உங்கள் குடும்பத்துக்கோ ஆபத்தென்றால் அவர் பெயரைக் கொடுக்காதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள்.

இதற்குத்தான் தொண்டர் வேலை உதவும். ஈசோல் வகுப்பொன்றில் சில மாதம் உதவினால் உங்களைத் தெரிந்த ஒருவர் இங்கேயே கிடைப்பார். வேலை அனுபவமும் கிடைக்கும். பிள்ளைகளோடு வேலை செய்ய டீ.பி.எஸ். சோதனை கேட்பார்கள்; தொண்டர்களுக்கு டீ.பி.எஸ். கட்டணம் அறவிடுவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் எங்கள் ஆலோசனை நேரத்தில் சீவியைக் கொண்டு வாருங்கள். கையால் எழுதியது என்றாலும் பரவாயில்லை. சேர்ந்திருந்து பார்ப்போம்.