உஷார்! விட்ட பயிற்சியை ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காதீர்கள்!

போலீஸ் வேலைக்காக ஓடிக்கொண்டிருக்கும் காஞ்சிபுரத்துத் தம்பி தங்கைகளே, அவர்களைப் பெற்றவர்களே, ஒரு நிமிஷம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். பயிற்சி பாதியில் நின்றுபோனால் உயிர் போகாது. நின்ற பயிற்சியை வெறியோடு மறுபடி தொடங்குகிறீர்களே, அந்த முதல் நாள் பயங்கரம்! அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடுவீர்கள், சிரிப்பீர்கள். இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் மாட்டிக்கொள்ளும்.

பிள்ளையார்பாளையம் பக்கத்துப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். அப்பா பட்டு நெசவாளர். பையனுக்கு இரண்டாம் நிலைக் காவலர் ஆக வேண்டும் என்று ஆசை. அந்த உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. ஆண்கள் அதற்கப்புறம் கயிறும் ஏற வேண்டும். விடியற்காலையில் ஓட்டம், சாயங்காலம் ஜிம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

வைகாசி பிறந்தது. முகூர்த்தச் சேலைக்கு அவசர ஆர்டர். அதுவும் கோர்வைச் சேலை. உடலும் கரையும் தனித்தனி நிறம் என்பதால் ஒரு ஆளால் நெய்ய முடியாது. அப்பா தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்தால், அந்தப் பக்கக் கரை நாடாவை வாங்கிப் போட்டுத் திருப்பித் தர இன்னொரு கை வேண்டும். அந்தக் கை இவனுடையது. இரவு 11 மணி வரை தறி. அதற்குமேல் படுத்தவன் விடியற்காலையில் எப்படி எழுவான்? நடுவில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, சொந்தக்காரர்கள், தெருவெல்லாம் கூட்டம். ஒரு மாதத்துக்கு மேல் மைதானத்தின் பக்கமே போகவில்லை.

சேலையை அறுத்துக் கொடுத்த மறுநாள், கூட ஓடுகிற பையன் ஒருவன் தன் ஓட்ட நேரத்தை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். இவனுக்குப் பற்றிக்கொண்டது. "விட்டதை எல்லாம் இன்னிக்கே சேர்த்து எடுத்துடறேன்" என்று கிளம்பினான். கொளுத்தும் வெயிலில் ஓட்டம். தண்டால், பஸ்கி நூறு நூறாக. சாயங்காலம் ஜிம்முக்குப் போய் மறுபடி காலுக்கே பயிற்சி.

மறுநாள் படி இறங்க முடியவில்லை. "நல்ல வலிம்மா, உடம்பு ஏறுது" என்றானாம். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். அதற்கடுத்த நாள் காலையில் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போயிருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை! சூடு என்று நினைத்து இளநீர் குடித்தான். தொடை வீங்கி, வாந்தி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. "இவ்வளவு நேரம் ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை?" என்று டாக்டர் அம்மாவைத்தான் திட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏறியது. டயாலிசிஸ் வரை போகாமல் மயிரிழையில் தப்பினான். அந்த வருஷத் தேர்வு போனது போனதுதான்.

இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். பழக்கம் விட்டுப்போன தசையைத் திடீரென்று கசக்கிப் பிழிந்தால் தசை நார்கள் சிதைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. வெயிலும் தண்ணீர் குறைவும் சேர்ந்தால் இன்னும் மோசம். முன்பு நன்றாகப் பயிற்சி செய்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். மனசு பழைய கணக்கிலேயே நிற்கிறது. உடம்பு இறங்கிவிட்டது. ஓட்ட மூச்சு இரண்டு வாரத்திலேயே குறையத் தொடங்கிவிடும்.

இந்த அடையாளங்களை மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சிறுநீர் டீ நிறத்திலோ கோலா நிறத்திலோ போனால் உடனே ஆஸ்பத்திரி! நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கூடாது. கையை மடக்க முடியாத, காலை ஊன்ற முடியாத வலி. தசை வீங்கிக் கல் மாதிரி இறுகிப்போவது. சிறுநீர் குறைந்துபோவது. வாந்தி. இவற்றில் எது இருந்தாலும் "திடீர்னு பயிற்சி செய்தேன், சி.கே. ரத்தப் பரிசோதனை பார்க்கணுமா?" என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். ஓடும்போது நெஞ்சு அழுத்தினாலோ, மயக்கம் வந்தாலோ 108.

இன்னொரு ஆபத்து பேச்சு வடிவில் வரும். "மனசே வரலையா? ஒரு ஊசி போட்டா பறப்பே" என்று ஜிம்மில் யாராவது காதில் ஓதினால், அந்த ஆளை விட்டு விலகுங்கள்! மெஃபென்டெர்மின் என்ற மருந்தை இப்படித் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். ஆபரேஷனின்போது ரத்த அழுத்தம் விழுந்தால் தூக்கிவிடக் கொடுக்கிற மருந்து அது. நல்ல உடம்பில் ஏற்றினால் இதயம் தாறுமாறாக அடிக்கும். பழக்கமும் ஆகிவிடும். ஊக்கத்தை ஊசியில் ஏற்ற முடியாது, கண்ணுகளா.

சரி, திட்டம் உடைந்தால் என்னதான் செய்வது?

நம் ஊரில் திட்டம் உடையப்போகும் தேதி பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வைகாசியில் முகூர்த்தமும் பிரம்மோற்சவமும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணிச் சேலை அப்போதுதான் தறியில் இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் தறிக்குழியே ஈரமாகிவிடும், மைதானம் எங்கே காயும்? 2019-ல் அத்தி வரதர் தரிசனம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தது. அன்றைக்கு இந்த ஊரில் யார் நிம்மதியாக ஓடியிருக்க முடியும்? இதெல்லாம் உங்கள் சோம்பேறித்தனம் கிடையாது. உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். அந்தத் திட்டும் கோபமும்தான் அந்தப் பையனை வெயிலில் இறக்கியது.

அந்த மாதங்களுக்கென்று ஒரு குட்டித் திட்டத்தை இப்போதே எழுதி வையுங்கள். தறியில் உட்காரும் முன் பத்து நிமிடம் பஸ்கியும் தண்டாலும். மாடிப்படி ஏறி இறங்குவது. வாரத்தில் இரண்டு நாள் சின்ன ஓட்டம். இவ்வளவு போதும், பெரிதாக எதுவும் இறங்காது.

அதுவும் விட்டுப்போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதா? நின்ற தறியில் யாராவது எடுத்த எடுப்பில் வேகமாக மிதிப்பார்களா? பாவின் இழுப்பைப் பார்த்து, அறுந்த இழையை முடிந்துவிட்டுத்தானே நாடாவைத் தொடுவார்கள்! அமெரிக்கப் பயிற்சியாளர் அமைப்புகள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. முதல் வாரம் பழைய அளவில் பாதி. இரண்டாம் வாரம் பழைய அளவைவிட 30 சதவீதம் குறைவு. அதன் பிறகே முழு அளவை நோக்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். தேர்வுத் தேதி நெருங்கிவிட்டாலும் இதே கணக்குதான். ஒருமுறை பழகிய உடம்பு, புதிதாகத் தொடங்கும் உடம்பைவிடச் சீக்கிரம் மீளும். பயப்படாதீர்கள்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு பிள்ளை மைதானத்துக்குப் போய் வந்திருக்கிறான், நொண்டுகிறான் என்றால், கூச்சம் பார்க்காமல் நேராகக் கேளுங்கள்: "ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?" மகளிடமும் கேளுங்கள். அடுத்த மூன்று நாளும் கேளுங்கள்.