மலிவுக் கட்டணப் பயணத்துக்கு வழி திறந்த லேக்கர்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கோ சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கோ குடும்பத்தோடு விமானம் ஏறுவது இன்று பெரிய செய்தியில்லை. முன்பெல்லாம் ஒருவர் விமானம் ஏறினால் உற்றார் உறவினர் மாலையோடு வழியனுப்பப் போவார்கள். இன்று பேருந்து டிக்கெட் வாங்குவதுபோல் விமான டிக்கெட்டை வாங்கிவிடுகிறோம். இந்த மாற்றம் தானாக வந்துவிடவில்லை. இதற்காகப் போராடியவர்கள் இருக்கிறார்கள். போராடித் தோற்றவர்களும் இருக்கிறார்கள்.

2007ஆம் ஆண்டு ஏர் ஏசியா எக்ஸ் நிறுவனம் தன் முதல் நெடுந்தூர விமானத்துக்கு ‘செமங்காட் சர் ஃப்ரெடி’ என்று பெயர் சூட்டியது. மலாய்மொழியில் ‘செமங்காட்’ என்றால் உத்வேகம், மன உரம் என்று பொருள். யார் இந்தச் சர் ஃப்ரெடி? மலேசிய விமானத்தில் ஓர் ஆங்கிலேயரின் பெயர் ஏன் இடம்பெற்றது? அதை அறிய, பிரிட்டனில் 1966இல் தொடங்கி 1982இல் மூடப்பட்ட லேக்கர் ஏர்வேஸ் என்ற விடுமுறைப் பயண நிறுவனத்தின் கதையைப் பார்க்க வேண்டும்.

சார்ட்டர் விமானம் என்றால் என்ன?

தைப்பூசத்துக்கு ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து பத்துமலைக்கு ஒரு பேருந்தை வாடகைக்குப் பிடிப்பதுண்டு. வழக்கமான பேருந்து, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். வாடகைப் பேருந்தோ எல்லா இருக்கையும் நிறைந்த பிறகே புறப்படும். அதனால் தலைக்கு ஆகும் செலவு குறைகிறது. சார்ட்டர் விமானமும் இதே கணக்குத்தான்.

ஒரு பயணத்துக்கு 2,000 பவுண்டு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் ஏறினால் ஆளுக்கு 40 பவுண்டு. 100 பேர் ஏறினால் 20 பவுண்டு போதும். ஒரு சுற்றுலா நிறுவனம் முழு விமானத்தையும் வாடகைக்கு எடுக்கும். தங்கும் விடுதி, உணவு, விமானம் மூன்றையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும்.

பிரிட்டனில் இந்த முறைக்கு வழிகாட்டியாக இருந்தது 1950இல் ஹொரைசன் நிறுவனம் நடத்திய கோர்சிகா தீவுப் பயணம். விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் அதைத் தொடங்கினார். கட்டணம் 32 பவுண்டு 10 ஷில்லிங். ஆனால் முதலாண்டில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் மட்டுமே ஏற்றலாம் என்று அரசாங்கம் நிபந்தனை விதித்தது. காரணம், அரசாங்கத்துக்குச் சொந்தமான விமான நிறுவனத்தின் வருமானத்தில் கை வைக்கக் கூடாது என்ற எண்ணம். மலிவான பயணத்துக்குத் தடையாக இருந்தது விமானத் தொழில்நுட்பம் அல்ல, விதிமுறைகள்தாம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

போர்க்கால விமானங்களில் தொடங்கிய வாழ்க்கை

ஃப்ரெடி லேக்கர் 1922இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பழைய விமானங்களையும் உதிரிப் பாகங்களையும் வாங்கி விற்கும் தொழிலில் இறங்கினார்.

நண்பர் ஒருவர் கொடுத்த கடனைக் கொண்டு 12 ஹால்டன் விமானங்களை வாங்கினார். ஹாலிஃபாக்ஸ் என்ற குண்டுவீச்சு விமானத்தை மாற்றி அமைத்தவை அவை. 1948இல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தது. நகர மக்களுக்கு உணவும் நிலக்கரியும் ஆகாய வழியே போக வேண்டியதாயிற்று. விமானம் வைத்திருந்தவர்களுக்கு ஓய்வில்லாத வேலை கிடைத்தது. லேக்கரின் தொழில் அங்கேதான் நிலைபெற்றது.

பிறகு பிரிட்டிஷ் யுனைடெட் ஏர்வேஸ் என்ற பெரிய தனியார் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக 1965 வரை இருந்தார். அடுத்த ஆண்டே தம் பெயரில் சொந்த நிறுவனத்தை ஆரம்பித்தார். தொடக்கத்தில் இருந்தவை இரண்டு பழைய பிரிட்டானியா விமானங்கள் மட்டுமே. லண்டனுக்கு அருகிலுள்ள கேட்விக் நிலையம் அவற்றின் தளம்.

சிக்கனத்தில் ஒரு புதுமை

லேக்கர் செய்த முதல் புதுமை வாடகை முறையில் இருந்தது. ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று பேசாமல், ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பறப்பதாக உறுதி கொடுத்தால் மணிக்கு இவ்வளவு என்று பேசினார். கூடுதல் நேரம் எடுத்தால் மணிக்கான கட்டணம் குறையும். சுற்றுலா நிறுவனங்கள் குளிர்காலத்திலும் விமானத்தைப் பயன்படுத்த முன்வந்தன. விமானம் தரையில் நின்றால் நட்டம். வானத்தில் இருந்தால்தான் காசு. தொழிலின் அடிப்படையே இதுதான்.

விமானம் மேலெழும்போது இயந்திரத்தின் முழுச் சக்தியையும் பயன்படுத்தாமல் அளவோடு பயன்படுத்தும் முறையை அவர் தம் விமானிகளிடம் வலியுறுத்தினார். இதனால் இயந்திரத் தேய்மானம் குறைந்தது. இப்படி மிச்சம் பிடித்த காசு குறைந்த கட்டணமாகப் பயணிகளைச் சென்றடைந்தது.

‘பறவை வளர்ப்போர்’ சங்கத்தில் சேர்ந்தால் டிக்கெட்!

ஐரோப்பாவுக்குள் சார்ட்டர் பயணம் வளர்ந்தது. அமெரிக்கா போவதோ வேறு கதை. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் வழித்தடங்களில் பெரிய நிறுவனங்கள் கூடிப் பேசிக் கட்டணத்தை முடிவு செய்தன. சார்ட்டர் விமானத்தில் ஏற வேண்டுமானால் பயணி ஏதாவது ஒரு சங்கத்தில் குறைந்தது ஆறு மாதம் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்தச் சங்கத்தின் நோக்கம் பயணமாகவும் இருக்கக் கூடாது.

மக்கள் சும்மா இருப்பார்களா? பூச்செடி வளர்ப்போர் சங்கம், பறவை வளர்ப்போர் சங்கம் என்று பெயரளவில் சங்கங்கள் முளைத்தன. பழைய தேதியிட்ட உறுப்பினர் அட்டைகள் கைமாறின. அதிகாரிகள் விமான நிலையத்திலேயே பயணிகளை நிறுத்தி விசாரித்தார்கள். பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்ட தாய்கூடப் பொய் சொல்லித்தான் விமானம் ஏற வேண்டிய நிலை.

இந்த நாடகத்துக்கு ஒரு முடிவு கட்ட லேக்கர் 1971இல் முன்வைத்த திட்டம்தான் ‘ஸ்கைடிரெய்ன்’, அதாவது வான் ரயில். சங்கம் வேண்டாம், முன்பதிவு வேண்டாம். பயண நாளன்று வரிசையில் நின்று டிக்கெட் வாங்கலாம். சாப்பாடு வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்கலாம். மலிவுக் கட்டண நிறுவனங்கள் இன்று செய்வதற்கு இது முன்னோடி.

ஆறாண்டுப் போராட்டம்

1972இல் பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் உரிமம் வழங்கியது. ஆனால் அமெரிக்கா இழுத்தடித்தது. 1975இல் பிரிட்டனின் வர்த்தக அமைச்சர் பீட்டர் ஷோர், அரசாங்க நிறுவனத்துக்குப் போட்டி வேண்டாம் என்ற கொள்கையின்படி ஸ்கைடிரெய்னுக்கு முட்டுக்கட்டை போட்டார். இந்தச் சேவையை எண்ணி வாங்கிய பெரிய டிசி-10 விமானங்கள் சார்ட்டர் வேலையையே செய்துகொண்டிருந்தன.

லேக்கர் நீதிமன்றம் போனார். 1976 டிசம்பரில் டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம், அமைச்சர் தமக்குச் சட்டம் கொடுத்த அதிகாரத்தை மீறிவிட்டார் என்று தீர்ப்பளித்தது. அரசாங்கமே ஆனாலும் சட்டத்துக்கு உட்பட்டே நடக்க வேண்டும் என்பதை விளக்க இந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

1977இல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒப்புதல் அளித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் தேதி முதல் ஸ்கைடிரெய்ன் கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தது. ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. அதுவரை அட்லாண்டிக்கைக் கடக்க முடியாதவர்கள் டிக்கெட் முகப்பில் வரிசை கட்டி நின்றார்கள். 1978இல் லேக்கருக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது.

வீழ்ச்சிக்கு என்ன காரணம்?

சாதனை பெரிதாக இருந்தது. அடித்தளமோ கடனில் நின்றது. 1979 மே மாதம் சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் டிசி-10 விமானம் விழுந்து 273 பேர் மாண்டனர். அடுத்த மாதம் எல்லா டிசி-10 விமானங்களும் சில வாரங்களுக்குத் தரையிறக்கப்பட்டன. அட்லாண்டிக் பயணத்துக்கு அந்த விமானங்களையே நம்பியிருந்த லேக்கருக்கு அது பலத்த அடி. எரிபொருள் விலையும் ஏறியது. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது நாணய மாற்று விகிதம். லேக்கர் விமானம் வாங்கிய கடன் அமெரிக்க டாலரில் இருந்தது. வருமானத்தில் பெரும்பகுதி பவுண்டில் வந்தது. 1980 பிற்பகுதியில் ஒரு பவுண்டு ஏறக்குறைய 2.40 டாலர். 1982 தொடக்கத்தில் அது 1.90 டாலருக்கும் கீழே போனது. 240 டாலர் தவணை கட்ட முன்பு 100 பவுண்டு போதும். அதே தவணைக்குப் பின்னர் 126 பவுண்டுக்குமேல் தேவைப்பட்டது. ஒரு டிக்கெட்கூடக் குறையாமல் விற்றாலும் கடன் தானாகவே கால் பங்கு கூடிவிட்டது. அந்த நேரத்திலும் அவர் புதிய ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்.

1981 அக்டோபரில் பான் ஆம் நிறுவனம் தன் கட்டணத்தை லேக்கரின் அளவுக்கு இறக்கியது. பிரிட்டிஷ் ஏர்வேசும் டி.டபிள்யூ.ஏ. நிறுவனமும் பின்தொடர்ந்தன. அதே காசுக்குச் சாப்பாடும் முன்பதிவும் கிடைத்தால் யார் வரிசையில் நிற்பார்கள்? 1982 பிப்ரவரி 5ஆம் தேதி லேக்கர் ஏர்வேஸ் மூடப்பட்டது. கடன் 25 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. பறந்துகொண்டிருந்த விமானங்கள்கூடத் திரும்ப அழைக்கப்பட்டன. பொதுமக்கள் பலர் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றத் தங்கள் கைக்காசை அனுப்பினார்கள். அது பெரிய கடலில் சிறு துளியாகவே போயிற்று.

பெரிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து லேக்கரை ஒழித்துவிட்டன என்று கடன் தீர்வு அதிகாரி அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். 1985இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது.

பயணிகள் கட்டிய பணம் எங்கே?

இந்தக் கதையில் சாதாரணக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான். லேக்கர் குழுமத்தின் விடுமுறைத் தொகுப்பை வாங்கியவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. அந்தப் பாதுகாப்பும் எளிதில் வந்ததல்ல. 1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் என்ற இன்னொரு விடுமுறை விமான நிறுவனம், பிரிட்டனின் மிகப் பெரிய சுற்றுலா நிறுவனமான கிளார்க்சன்ஸையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. பல்லாயிரம் பேர் வெளிநாட்டில் சிக்கிக்கொண்டார்கள். அதற்குமேலும் பலர் முன்பணத்தைப் பறிகொடுத்தார்கள். அதன் விளைவாக 1975இல் பயணிகளுக்கான சேமநிதி ஒன்று சட்டப்படி அமைக்கப்பட்டது.

ஆனால் தொகுப்பு இல்லாமல் ஸ்கைடிரெய்னில் வெறும் இருக்கை வாங்கியவர்களுக்கு அந்த நிதி பொருந்தவில்லை. ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. நிறுவனம் விழுந்தபோது ஒருவருக்குப் பாதுகாப்பு, மற்றவருக்கு இல்லை.

இந்த வேறுபாடு பிறகும் தொடர்ந்தது. சார்ட்டர் நிறுவனமாக 1968இல் பறக்கத் தொடங்கிய மோனார்க், 2017 அக்டோபர் 2ஆம் தேதி மூடப்பட்டது. அப்போது வெளிநாட்டில் இருந்த பயணிகள் ஏறக்குறைய 1,10,000 பேர். அவர்களில் பெரும்பாலோருக்குப் பாதுகாப்புத் திட்டம் பொருந்தவில்லை. ஆயினும் அரசாங்கம் எல்லாரையும் அழைத்து வந்தது. 2019இல் தாமஸ் குக் விழுந்தபோதும் அப்படியே. அந்த மீட்புப் பணியில், ஸ்பெயினின் பால்மாவிலிருந்து மான்செஸ்டருக்குப் பயணிகளை ஏற்றிவந்தவற்றுள் மலேசியா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஏ380 விமானமும் ஒன்று.

விட்டுச் சென்ற பாடம்

லேக்கர் 2006 பிப்ரவரியில் காலமானார். அவருடைய நிறுவனம் 16 ஆண்டுகளே வாழ்ந்தது. ஆயினும் அவர் திறந்த கதவு மூடப்படவில்லை. 1984இல் வர்ஜின் அட்லாண்டிக் தொடங்கிய ரிச்சர்ட் பிரான்சனும், 2001இல் ஏர் ஏசியாவை வாங்கிய டோனி பெர்னாண்டசும் அவரைத் தங்கள் முன்னோடியாகப் போற்றினர். ‘செமங்காட் சர் ஃப்ரெடி’ என்ற பெயர் அந்த நன்றியின் அடையாளம்.

மலிவான டிக்கெட் ஏழை எளியவருக்குக் கிடைத்த உரிமை. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயணத்துக்குப் பல மாதம் முன்பே காசு கட்டும் ஒவ்வொருவரும் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார். வங்கி கடன் கொடுக்கும்போது பிணை கேட்கிறது. பயணி எதையும் கேட்பதில்லை.

அடுத்த முறை டிக்கெட் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். நிறுவனம் நின்றுபோனால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப்போவது யார்? பயணக் காப்புறுதி அதற்கு ஈடு தருமா? பயண முகவருக்கு முறையான உரிமம் உண்டா? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். எல்லாரும் பறக்க வேண்டும் என்று லேக்கர் ஆசைப்பட்டார். பறந்தவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதும் அந்த ஆசையில் ஒரு பாதிதானே!