மூக்கண்டப்பள்ளியில் மொறுமொறு ரொட்டி

ஓசூர் மூக்கண்டப்பள்ளி பேக்கரி எதிலாவது ஒரு மில்க் பிரெட் வாங்கி, ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கிவிடும். (அதையும் தின்றுவிடுங்கள், வீணாக்க வேண்டாம்.) லேசாக இனிக்கும். பல்லுக்கு வேலையே இருக்காது.

சிப்காட் தொழிற்பேட்டை ஆலை ஒன்றில் எந்திரம் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்லர் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு ஓசூரில் ஆலையே இருப்பதால் இது நடக்காத கதை ஒன்றும் இல்லை. வந்தவருக்கு இட்லி பழகிவிட்டது. தோசை என்றால் உயிர். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஊர் ரொட்டி ஞாபகம் வந்துவிடுகிறது. அந்த ரொட்டியில் கத்தி இறங்கும்போதே மேல்தோல் நொறுங்கும் சத்தம் கேட்கும். உள்ளே ஈரமும் புளிப்புமாக இருக்கும். சர்க்கரை கிடையாது. அவர் கடைக்குப் போய், கற்றுக்கொண்ட தமிழில், "அண்ணா, கெட்டி பிரெட் இருக்கா?" என்று கேட்கிறார். கடைக்கார அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு ரஸ்க் பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடையில் கெட்டியாக இருப்பது அது ஒன்றுதானே!

அந்த ரொட்டிக்கும் நம் மில்க் பிரெட்டுக்கும் அடிப்படைப் பொருட்கள் ஒன்றுதான்: மாவு, தண்ணீர், உப்பு, மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர். அப்புறம் ஏன் இத்தனை வித்தியாசம்? இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. உங்கள் வீட்டுச் சமையலறையே போதும்.

முதல் சோதனைக்கு ஒரு கைப்பிடி மைதா எடுத்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் அந்த உருண்டையைப் போட்டு மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால்நிறமாக மாறும். அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால், கடைசியில் கையில் ஒட்டும் தன்மையோடு, இழுத்தால் நீளும் ஒரு பொருள் மிஞ்சும். மென்று முடித்த பபிள்கம் எப்படியிருக்கும், அப்படி. அதுதான் குளூட்டன். இத்தாலியில் ஜாகோபோ பெக்காரி என்பவர் இதே மாதிரி மாவைக் கழுவிப் பார்த்துத்தான் இதைக் கண்டறிந்தார். அவருடைய கட்டுரை 1745-ல் அச்சானது. கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது அவை ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. மாவுக்குள் உண்டாகும் வாயு வெளியே ஓடாமல் பிடித்து வைப்பது இந்த வலைதான்.

அடுத்து, இதே சோதனையைக் கேழ்வரகு மாவில் செய்யுங்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கேழ்வரகுக்கா பஞ்சம்? கழுவக் கழுவ உருண்டை முழுவதும் கரைந்துபோகும். கையில் ஒன்றுமே மிஞ்சாது. கேழ்வரகில் குளூட்டன் இல்லை. அதனால்தான் அதைக் களியாகக் கிளறுகிறோம், ரொட்டியாக ஊத வைப்பதில்லை. இன்னொன்றும் செய்து பாருங்கள்: சப்பாத்தி மாவில் மைதாவைவிடக் குளூட்டனைப் பிரித்தெடுப்பது கஷ்டம். அதிலுள்ள தவிட்டுத் துகள்கள் வலையை அங்கங்கே அறுத்துவிடும். முழுக்கோதுமை ரொட்டி கொஞ்சம் அடர்த்தியாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

வலை தயார். இனி வாயு வேண்டும்.

பேக்கரிகளில் ஈஸ்ட் போடுவார்கள். சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்பது அதன் அறிவியல் பெயர். ஒரே செல்லால் ஆன பூஞ்சை. ஒரு கிராம் ஈஸ்ட்டில் பல நூறு கோடி செல்கள் இருக்கும். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடையும் ஆல்கஹாலையும் வெளிவிடும். (பயப்பட வேண்டாம், அடுப்பில் ஆல்கஹால் பெரும்பாலும் ஆவியாகிவிடும்.) ஆலையில் வளர்த்த ஈஸ்ட் அசுர வேகத்தில் வேலை செய்யும். சில மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், ரொட்டி கடைக்குப் போய்விடும். சுவை ஊறுவதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. அந்தக் குறையைச் சர்க்கரை, பால், கொழுப்பு எல்லாம் சேர்த்துச் சரிக்கட்டுகிறார்கள். மென்மை அந்தக் கொழுப்பிலிருந்து வருவதுதான். மாவு நன்றாக எழும்பப் பொட்டாசியம் புரோமேட் என்ற வேதிப்பொருளைக்கூடச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2016-ல் இந்தியா அதைத் தடை செய்தது.

ஜெர்மன்காரர் தேடும் புளிப்பு ரொட்டியில் கடை ஈஸ்ட் இல்லை. மாவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சேர்ந்துதான் அதைப் பொங்க வைக்கின்றன. உப்பும் ஈஸ்ட்டும் போடாமல், வெறும் மாவையும் தண்ணீரையும் கலந்து நாள்கணக்கில் பழக்கி வைப்பார்கள். அந்தப் பழைய மாவில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் கலப்பார்கள். உங்கள் பாட்டி தயிருக்கு உறை ஊற்றுவதும், புது இட்லி மாவில் பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பதும் இதே வேலைதான்.

இட்லி மாவைப் பொங்க வைப்பது யார் தெரியுமா? ஈஸ்ட் என்று பதில் சொன்னால் பாதி மதிப்பெண்தான். முக்கிய வேலையாள் லூக்கோனாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. பெரும்பாலும் உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. அது வாயுவையும் தரும், புளிப்பையும் தரும். அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் கிடையாதே, வாயுவைப் பிடித்து வைப்பது எது? உளுந்தை ஆட்டும்போது வழவழவென்று வருகிறதே, அந்த வழவழப்பும் உளுந்தின் புரதமும்தான். உளுந்து குறைந்தால் இட்லி கல்லாவது இதனால்தான்.

இப்போது ஒரு வேடிக்கை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நான்கு ஸ்பூன் கோதுமை மாவையும் நான்கு ஸ்பூன் தண்ணீரையும் கலந்து வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். உள்ளே வாயு சேர்ந்தால் பாட்டில் வெடிக்கலாம். மாவு எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே வெளியே ஒரு ரப்பர் பேண்டு மாட்டுங்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேருங்கள். இரண்டாம் நாளே ரப்பர் பேண்டைத் தாண்டிப் பொங்கும். வெற்றி என்று குதிப்பீர்கள். ஆனால் மோந்து பார்த்தால் குமட்டும். அடுத்த ஓரிரு நாளில் மாவு அசையாமல் படுத்துவிடும். நிறையப் பேர் "செத்துப்போச்சு" என்று கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டாதீர்கள்! முதலில் வந்து ஆட்டம் போட்டவற்றில் முக்கியமானது லூக்கோனாஸ்டாக் இனம்தான். அதாவது நம் இட்லி மாவுப் பாக்டீரியாவின் சொந்தக்காரர்கள். அமிலம் ஏற ஏற அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. அமிலத்தைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் இடத்தைப் பிடிக்கும். அவற்றோடு ஒத்துப்போகும் காட்டு ஈஸ்ட்டும் மெல்லப் பெருகும். ஒரு வாரம், பத்து நாளில் மாவு மறுபடி எழும்பும். இந்த முறை வாசனை பழமும் வினிகரும் கலந்ததாக இருக்கும். இட்லிக்காரர் முதல் இரவிலேயே நிறுத்திக்கொள்கிறார், ரொட்டிக்காரர் அதையும் தாண்டிக் காத்திருக்கிறார். (இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறமோ பூஞ்சணமோ தெரிந்தால் மட்டும் தயங்காமல் குப்பையில் போடுங்கள். பச்சை மாவை யாரும் ருசி பார்க்கவும் கூடாது.)

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவில் இட்லி மாவு பொங்காமல் அம்மா அதை அடுப்புப் பக்கமாக நகர்த்தி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குளிர் புளிப்பு ரொட்டிக்கு நல்லது. ஈஸ்ட்டின் வேகம் குறைந்து, சுவை ஊற நேரம் கிடைக்கும். ஐரோப்பிய ரொட்டிக்காரர்கள் பிசைந்த மாவை வேண்டுமென்றே இரவு முழுக்கக் குளிரில் வைப்பார்கள். சென்னைக்காரர் இதற்கு ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டும். மூக்கண்டப்பள்ளியில் டிசம்பரில் சமையலறை ஜன்னலோரமே ஓரளவு போதும்.

மாவு, நுண்ணுயிர், குளிர் எல்லாம் இங்கேயே கிடைத்துவிட்டன. மிச்சம் இருப்பது மேல்தோல். அந்தப் பொறியாளர் உண்மையில் ஏங்குவதே அதற்குத்தான் என்பது என் கட்சி.

ஒரே மாவில் இட்லியும் வார்க்கிறோம், தோசையும் வார்க்கிறோம். இட்லி வெள்ளை, தோசை பொன்னிறம். ஏன்? இட்லியைச் சுற்றி இருப்பது நீராவி. ஓசூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இட்லிப் பானைக்குள் வெப்பம் அதைத் தாண்டாது. தோசைக்கல்லோ அதைவிட மிகச் சூடு. மாவின் மேற்பரப்பில் தண்ணீர் வற்றி, வெப்பம் 140 டிகிரியைத் தாண்டியதும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வேகமாகச் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருட்களையும் உண்டாக்குகின்றன. 1912-ல் இதை விவரித்த லூயி கமில் மெயார்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயராலேயே மெயார்ட் வினை என்கிறார்கள். வறுத்த வேர்க்கடலை, காபிக்கொட்டை, முறுகல் தோசை எல்லாவற்றிலும் இந்த வினைதான். தண்ணீர் ஊற்றிய பிரஷர் குக்கரால்கூட இதை இவ்வளவு வேகமாகச் செய்ய முடியாது. அதன் உள்ளே 120 டிகிரிக்கு மேல் போவதில்லை.

ஆகவே ரொட்டிக்கு 230, 250 டிகிரி அடுப்பு வேண்டும். அதோடு முதல் கால் மணி நேரம் நீராவியும் வேண்டும். மேல்தோலைக் காய வைக்கத்தானே அடுப்பு, அங்கே எதற்கு நீராவி? தோல் உடனே காய்ந்து இறுகினால் ரொட்டி அதற்கு மேல் ஊத முடியாது. ஈரமாக இருக்கும்வரை நீண்டுகொடுக்கும். பிறகு நீராவியை வெளியேற்றினால் தோல் காய்ந்து மொறுமொறுப்பாகும். வீட்டில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மூடியுள்ள கனமான இரும்புப் பாத்திரத்துக்குள் மாவை வைத்து அப்படியே அடுப்பில் தள்ளினால், மாவின் ஈரமே நீராவியாகி உள்ளே நிற்கும். பாதி நேரத்தில் மூடியை எடுத்துவிடலாம். இதைப் பெரியவர்கள் கையால்தான் செய்ய வேண்டும்.

இத்தனை பாடுபட்டுச் செய்த ரொட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளிருக்கும் ஈரம் மெதுவாகத் தோலுக்கு வந்து அது நமுத்துவிடும். பிரான்சின் நீள ரொட்டி காகிதப் பையில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பது அழகுக்காக இல்லை. அந்த ரொட்டியைச் செய்யும் கைத்திறனை 2022 நவம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

ஊரைவிட்டு வந்து ரொட்டிக்கு ஏங்கிய முதல் ஐரோப்பியர் நம் பொறியாளர் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் கோவாவுக்கு வந்த போர்த்துக்கீசியருக்குக் கோதுமை கிடைத்தது, ஈஸ்ட் கிடைக்கவில்லை. தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் பொங்க வைத்தார்கள். கள் முழுக்கக் காட்டு ஈஸ்ட்தானே! இலங்கையில் பாண் என்ற ரொட்டி வேரூன்றியதும் அவர்கள் காலத்தில்தான். இன்று அங்கே பாண் விற்கும் ஆட்டோ பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டே தெருவுக்குள் வரும். நீலகிரியில் இன்னொரு விதம்: ஊட்டி வர்க்கிக்கு வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா கலந்து புளிக்க வைத்த மாவுதான் பழைய முறையில் ஈஸ்ட்டுக்குப் பதில். நம் பக்கத்துப் பெங்களூரில் 1898-ல் திருமலாச்சார் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியை முதல் அய்யங்கார் பேக்கரி என்கிறார்கள். வெள்ளைக்காரர் பண்டமான ரொட்டி முட்டை இல்லாமல், பச்சை மிளகாய் போட்ட கார பன்னாக மாறியது இந்த வழியில்தான். 1965-ல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரிஸ் தொடங்கிய பிறகு, துண்டு போட்ட மெத்து பிரெட் சாதாரண வீடுகளுக்கும் வந்தது. நாம் பழகியது அந்தச் சுவை.

இன்று அந்தப் பொறியாளர் அத்திப்பள்ளி வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரில் புளிப்பு ரொட்டி கிடைத்துவிடும். ஆனால் அவருக்குக் கருப்பு ரை ரொட்டியே வேண்டுமென்றால் சிக்கல். ரை குளிர்நாட்டுத் தானியம். அதிலும் குளூட்டன் வலை சரியாகப் பின்னாது. போதாக்குறைக்கு அதன் அமைலேஸ் என்ற நொதி, வேகும்போதே மாவுச்சத்தை வெட்டிக் கூழாக்கிவிடும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டிப்படாமல் இளகுவதும் இதே நொதியால்தான். ஜெர்மானியர் கண்ட தீர்வு புளிப்பு: அமிலம் அமைலேஸைக் கட்டிப்போட்டுவிடும். அவர்களின் பம்பர்நிக்கல் ரொட்டி குறைந்த சூட்டில் குறைந்தது 16 மணி நேரம் வேக வேண்டும். அவ்வளவு நேரம் கிடைப்பதால் மெயார்ட் வினை மெதுவாக நடந்து ரொட்டி முழுவதும் கறுத்துவிடும்.

ரை இல்லாத ஊரில் கேழ்வரகு இருக்கிறது. ராத்திரி புளிக்க வைத்த கேழ்வரகுக் கூழ் நமக்குப் பழக்கம்தான். ஐந்தில் ஒரு பங்கு கேழ்வரகு மாவும் நான்கு பங்கு கோதுமை மாவுமாகப் புளிப்பு ரொட்டி சுட்டால், வலைக்குக் கோதுமையும் நிறத்துக்கும் வாசனைக்கும் கேழ்வரகும் ஆயிற்று. பங்கைக் கூட்டிக்கொண்டே போய் எந்த அளவில் ரொட்டி எழும்ப மறுக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சுட்டதும் அடியில் விரலால் தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. உடனே வெட்டாதீர்கள், ஒரு மணி நேரமாவது ஆறட்டும். சூட்டில் இளகியிருக்கும் மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகும். அதற்குள் கத்தி வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும்.