கிளிப்பச்சைச் சுவர் எங்கே போனது?

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்துத் தெருக்களில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். அடுத்தடுத்து இரண்டு மாடி வீடுகள். ஒன்றுக்கு ரோஸ் கலர் பெயின்ட், மற்றதற்குக் கிளிப்பச்சை. தெருமுனையிலிருந்தே கண்ணைப் பறிக்கும் ஜோடி. செல்போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே சாம்பல் வீடாகிவிடும். எது எங்கே முடிகிறது என்பதை மழைநீர்க் குழாயை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

காரணம் சின்னக் கணக்குதான். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ரோஸ் சுவர் 230, 140, 160 என்றும், கிளிப்பச்சை 140, 200, 90 என்றும் பதிவாவதாக வைத்துக்கொள்வோம். கறுப்பு-வெள்ளைக்கு மாற்றும் வழக்கமான சூத்திரம் சிவப்பில் 29.9 சதவீதம், பச்சையில் 58.7 சதவீதம், நீலத்தில் 11.4 சதவீதம் எடுத்துக் கூட்டுகிறது. கூட்டிப் பார்த்தால் ரோஸுக்கு 169, பச்சைக்கு 170. ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பிரித்தறியும் கண் யாருக்கும் கிடையாது.

இந்த விகிதத்தின் வேர் 1953-ல் அமெரிக்கா வகுத்த கலர் டிவி முறையில் இருக்கிறது. கலர் ஒளிபரப்பைப் பழைய கறுப்பு-வெள்ளைப் பெட்டியிலும் பார்க்க முடிய வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. செம்பாக்கத்துப் பெயின்ட்டை அவர்கள் எங்கே கண்டார்கள்? விகிதத்தை நாமே மாற்றிக்கொள்ளத் தடை இல்லை. சிவப்பை மட்டும் எடுத்தால் ரோஸ் வீடு 230, பச்சை வீடு 140. பச்சையை மட்டும் எடுத்தால் 140-க்கு 200, வெளுப்பு பச்சை வீட்டின் பக்கம் வந்துவிடுகிறது. ஆக, கறுப்பு-வெள்ளையிலும் நிறத்தைப் பற்றி ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். நாம் எடுக்காவிட்டால் அந்தப் பழைய டிவிக் கணக்கு நமக்காக எடுத்துவிடும்.

கட்டிடத்தையும் அது நிற்கும் நிலத்தையும் சேர்த்துப் படமெடுப்பவர்களிடம் 'கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?' என்று கேட்டால், பெரும்பாலும் 'மூடு' என்பார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு காட்சியின் சேதி வெளிச்ச வேறுபாட்டில் இருக்கிறதா, நிற வேறுபாட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பார்வை இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. விளிம்பு, கோடு, சொரசொரப்பு போன்ற நுணுக்கங்களை வெளிச்ச வேறுபாட்டிலிருந்து கூர்மையாக எடுத்துக்கொள்கிறது; நிறத்தைச் சற்று மொத்தமாகத்தான் பார்க்கிறது. செல்போன் கேமராக்களும் இதைத் தெரிந்து வைத்திருக்கின்றன. பெரும்பாலான ஜேபெக் படங்களில் வெளிச்சத் தகவல் முழுதாக இருக்கும். நிறத் தகவலை நாலில் ஒரு பங்காகக் குறைத்திருப்பார்கள். பார்க்கும் நமக்கு அது தெரிவதே இல்லை. தூண், படிக்கட்டு, ஜன்னல் வரிசை எல்லாம் கறுப்பு-வெள்ளையில் எதையும் இழக்காமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

நிறமே சேதியாக இருக்கும் இடமும் உண்டு. தாம்பரத்திலிருந்து ரயிலில் வடக்கே வந்தால் பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை என்று குன்றுகள் தொடர்கின்றன. இந்தக் குன்றுகளின் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இதே வகைக் கல் என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அப்படிப் பெயரிட்டார். உலகம் முழுவதும் இந்த வகைக்கு மாதிரி இடமாகச் சொல்வது பரங்கிமலை-பல்லாவரம் வட்டாரத்தைத்தான். புதிதாக உடைத்த முகத்தில் நீலம் கலந்த கருஞ்சாம்பல், கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்பு. வெயிலிலும் மழையிலும் நாள்பட்ட முகமோ துருப்பழுப்பு, உள்ளிருக்கும் இரும்பின் வேலை. கைவிட்ட குவாரியின் சுவரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்: மேலே பழுப்புத் தோல், கீழே வெடி வைத்துப் பிளந்த நீலக்கருமை. எது இயற்கை அரித்தது, எது மனிதன் வெட்டியது என்று சொல்வது அந்த நிறக்கோடுதான். குவாரியை நான் கலரில்தான் எடுக்கச் சொல்வேன்.

அதே கல்லைச் செதுக்கிக் கோயிலாக்கிவிட்டால் என் தீர்ப்பு மாறிவிடும். திரிசூலநாதர் கோயில் போன்ற கற்றளியின் வெளிச்சுவரில் பார்க்க வேண்டியது உளி போன வழி, கல்வெட்டு எழுத்தின் பள்ளம், அடித்தளமான அதிட்டானத்தின் வரிவரியான வளைவுகள். எல்லாமே நிழலின் விளையாட்டு. கல்வெட்டாய்வாளர்கள் சுவரில் ஈரக் காகிதத்தை ஒற்றி மை தடவி எடுக்கும் படியும் ஒரு விதத்தில் கறுப்பு-வெள்ளைப் படமே.

இங்கே வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நடுப்பகலில் கேமராவை உறையில் போட்டுவிடு என்பது வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்து நாம் கற்ற பாடம். தாம்பரம் இருப்பது வட அட்சரேகை 13 பாகையை ஒட்டி. ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட கம்புக்கு நிழல் விழாது. தரைக்குத்தான் அது நிழலில்லா நாள். செங்குத்துச் சுவருக்கோ ஒளி மேலிருந்து உரசிக்கொண்டு இறங்குகிறது. அரை விரல் புடைப்புக்குக்கூட அதன் கீழே நீண்ட நிழல். இந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து, ஜூனில் உச்சியிலிருந்து சுமார் பத்தரைப் பாகை வரை போகிறது. வருஷத்தின் மற்ற மாதங்களில் நண்பகலில் நிழலிலேயே கிடக்கும் வடக்குச் சுவருக்கு அப்போதுதான் உச்சி வெயில் கிடைக்கும். நிறத்துக்கு அது மோசமான நேரம், எல்லாம் வெளிறும். கல்வெட்டுச் சுவரைக் கறுப்பு-வெள்ளையில் எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. தொப்பியும் தண்ணீரும் அவரவர் பொறுப்பு.

வானம் வேறு விவகாரம். காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. அதனால்தான் வானம் நீலம். அதனால்தான் சிவப்பு ஃபில்டர் போட்டால் வானம் கறுக்கிறது. அமெரிக்காவின் யோசெமிட்டியில் 1927-ல் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் அடர்சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்த பாறைப் படத்தில் வானம் ஏறக்குறைய கறுப்பு. அந்தக் கறுப்பை ஜி.எஸ்.டி. சாலையில் மே மாதத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கடல் ஈரத்தில் ஊறிய தூசியும் புகையும் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் வானம் பால் போல் வெளுத்துவிடும். வெளுத்த வானத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபில்டருக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்ட டிசம்பர், ஜனவரியில் சில நாள் வானம் நிஜமாகவே நீலம். பரங்கிமலை உச்சியில் 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய மாதா கோயிலின் வெள்ளைச் சுவரைக் கரிய வானத்தின் முன் நிறுத்த விரும்புகிறவர் அந்த நாட்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

வெளுத்த வானத்தோடு மல்லுக்கட்டியவர்களில் மூத்தவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான அவர் 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று பயணம் செய்தார். அந்தக் காலக் காகித நெகட்டிவ் நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே மசியும். எனவே நீல வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. டிரைப் நெகட்டிவின் மேல் கையால் மேகம் வரைந்தார்! தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுச் சுவரை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தவரும் அவரே. அவருக்குக் கலர் என்கிற வாய்ப்பே கிடையாது. இருந்தாலும் அந்தச் சுவருக்கு அவர் கலரைத் தேர்ந்திருப்பாரா என்பது சந்தேகம்.

இதற்கு நேர் எதிர்க் கட்சி புகைப்படக்காரர் ரகுபீர் சிங். ஜெய்ப்பூரில் பிறந்து 1999-ல் மறைந்த அவர், இந்தியாவைப் பார்க்கும் பார்வையே நிறத்தால் ஆனது, கறுப்பு-வெள்ளை மேற்கின் மனநிலை என்று வாதிட்டார். பாதி ஒப்புக்கொள்கிறேன். செம்பாக்கத்து ரோஸ் வீட்டின் முழு அர்த்தமும் அதன் ரோஸில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு போட்டியும் அதில்தான். ஆனால் பஞ்சவர்ணம் பூசிய சுதைக் கோபுரம் என்னைத் தடுமாற வைக்கிறது. கும்பாபிஷேகம் முடிந்த கையோடு கலரில் எடுத்தால் கண் பொம்மைக்குப் பொம்மை தாவுகிறது. நிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுகி ஏறும் கணக்கு தொலைந்துவிடுகிறது. கறுப்பு-வெள்ளையில் அந்தக் கணக்கு மீண்டும் எழுந்து வரும்.

1937-ல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் சிக்கல் பச்சையால் வருகிறது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் வளர்த்த மரங்கள் இன்று கட்டிடங்களைச் சூழ்ந்திருக்கின்றன. இலைகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி சுவரிலும் ஆள் முகத்திலும் பச்சையாய்ப் படியும். கலரில் அதைத் திருத்துவது தலைவலி; சுவரைச் சரிசெய்தால் இலை கெடும். கறுப்பு-வெள்ளையில் பச்சைக்கு எடையைக் கூட்டினால் இலைகள் வெளுத்து ஒளிரும். சிவப்புக்குக் கூட்டினால் கறுத்து, சுவர் முன்னுக்கு வரும். பச்சையம் சிவப்பை விழுங்குவதன் பலன்.

இந்த எடை மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பில்தான் பெரும்பாலான சென்சார்கள் இன்றும் இயங்குகின்றன: பாதிக் கண்ணறைகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. சிவப்பை மட்டும் நம்பினால் கால்வாசிக் கண்ணறைகளின் சாட்சியை வைத்துப் படத்தை நிரப்புகிறோம். நிழல் பகுதிகளில் புள்ளி தட்டும். ஜேபெக்கில் நிறத் தகவல் ஏற்கெனவே சுருங்கியிருப்பதால் திட்டுத்திட்டாகவும் தெரியும். சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் இருந்தால் இந்த இம்சை வெகுவாகக் குறையும். நேரடியாக மோனோ மோடில் ஜேபெக் மட்டும் எடுத்தால் மூன்று எண்ணும் ஒன்றாகிவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் ரோஸையும் கிளிப்பச்சையையும் பிரித்துத் தர முடியாது.

ஆவணத்துக்காக எடுக்கும் படத்தில் மட்டும் என்னிடம் விவாதத்துக்கு இடமில்லை. இடிக்கப்போகும் பழைய ஓட்டு வீடோ, திருப்பணிக்கு முந்தைய கோயில் சுவரோ, கலர்தான். பாசி எவ்வளவு, பழைய சுண்ணாம்பு எவ்வளவு, புதிதாகப் பூசிய சிமென்ட் எவ்வளவு என்று பின்னால் வருகிறவர் அதை வைத்துத்தான் கேட்பார். முதல் படத்தில் ஓரமாக ஒரு அளவுகோலும், கேமராக் கடையில் கிடைக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டையும் வைத்து எடுத்தால், அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களின் நிறத்தையும் அதைக் கொண்டே சரிபார்த்துவிடலாம்.